ஆடிக்கு முன் எட்டு பேர்

1. ஃபேக்ஸ் வந்த வியாழக்கிழமை

1998 ஜூலை முதல் வியாழக்கிழமை காலையில் சுதாகர் ஒரு ஃபேக்ஸ் தாளைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். மேசை என்று நான் சொல்வது மரியாதைக்காக. இரண்டு அட்டைப் பெட்டிகளின் மேல் போட்ட பிளைவுட் பலகை அது.

"சார், எட்டு பேர் வேணும். எட்டு பேருக்கும் கோபோல் தெரிஞ்சிருக்கணும். மாசக் கடைசி வெள்ளிக்கிழமை வால்டர் நேர்ல வர்றார். அன்னிக்கு எட்டு பேரும் எட்டு சீட்டுல உக்காந்திருக்கணும். இல்லைன்னா ஆர்டர் பெங்களூருக்குப் போயிடும்."

"போனா?"

"போனா நீங்களும் போகலாம், நானும் போகலாம். கடையைச் சாத்திட வேண்டியதுதான்."

சுதாகர் அமெரிக்காவில் சில வருடங்கள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி, அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பின்தெருவில் ஒரு மாடியைப் பிடித்து சாஃப்ட்வேர் கம்பெனி தொடங்கியவர். அவருக்கு வயது முப்பத்திரண்டு. எனக்கு நாற்பத்தேழு. அதே தொழிற்பேட்டையில் ஒரு பம்ப் தொழிற்சாலையின் பெர்சனல் டிபார்ட்மென்டில் ஏறக்குறைய இருபது வருடங்கள் இருந்தவன் நான். டர்னர், ஃபிட்டர், மெஷினிஸ்ட் என்று நூற்றுக்கணக்கானவர்களை வேலைக்கு எடுத்திருக்கிறேன். தொழிற்சாலையை மூடினார்கள். ஓராண்டு வீட்டில் உட்கார்ந்து, நூலகத்தில் இருந்த சரித்திரப் புத்தகங்களை எல்லாம் படித்து முடித்தேன். பிறகு சுதாகர் கூப்பிட்டார். "நீங்கதான் எங்க ஹெச்.ஆர்." என்றார். கம்பெனியில் அப்போது மொத்தம் நாங்கள் இரண்டு பேர். ஹெச்.ஆருக்குக் கீழே யாரும் இல்லை என்பதால் தண்ணீர் கேன் வரவழைப்பதும் என் வேலை. மறுபடி வீட்டில் உட்கார எனக்கு விருப்பமில்லை. படிக்கவும் புத்தகம் மிச்சமில்லை.

இளைய வாசகர்களுக்கு அந்த ஆர்டரைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் காலத்து கம்ப்யூட்டர் புரோகிராம்களில் வருடத்தை இரண்டே இலக்கத்தில் எழுதி வைத்திருந்தார்கள். 98 என்றால் 1998. இடத்தை மிச்சம் பிடிக்கச் செய்த ஏற்பாடு. இரண்டாயிரம் பிறந்தால் அது 00 ஆகும். மெஷின் அதை 1900 என்று எடுத்துக்கொள்ளும். இதைத் திருத்த உலகம் முழுவதும் ஆள் தேடினார்கள். வால்டர் ஓர் அமெரிக்க இன்ஷூரன்ஸ் கம்பெனியின் அதிகாரி. அவர்களுடைய பழைய புரோகிராம்கள் அத்தனையும் கோபோல் என்ற பழைய கம்ப்யூட்டர் மொழியில் இருந்தன. அந்த மொழியைப் படிப்பதை நம் பிள்ளைகள் அப்போதுதான் நிறுத்தியிருந்தார்கள்.

2. ஆவடி மாடியில் கிடைத்த புதையல்

சுதாகர் ஆங்கிலப் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கலாம் என்றார். விளம்பரம் வந்து, பயோடேட்டா வந்து, அதைப் பிரித்துப் படிப்பதற்குள் மாதம் முடிந்துவிடும். பம்ப் தொழிற்சாலையில் அவசரத்துக்கு ஆள் வேண்டுமென்றால் நான் ஐ.டி.ஐ. வாசலுக்கே போய்விடுவேன். இங்கேயும் அதையே செய்தேன். அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை கம்ப்யூட்டர் சென்டர் எது கண்ணில் பட்டாலும் மாடி ஏறினேன். எல்லா இடத்திலும் புதிய மொழிகள்தான். கோபோல் என்றதும் ஒரு சென்டரில் வரவேற்பிலிருந்த பெண், "அது போன வருஷமே போயிடுச்சு சார்" என்றாள், வீடு காலி செய்துகொண்டு போனவரைப் பற்றிச் சொல்வது போல.

ஆவடி ஸ்டேஷன் அருகில் ஒரு மாடியில் ஒரே ஒரு சென்டர் மட்டும் இன்னும் கோபோல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தது. கொள்கை எதுவும் காரணமில்லை. புதிய மொழிகள் ஓடும் மெஷின் வாங்க உரிமையாளரிடம் வசதியில்லை. அவர் என்னைப் பார்த்த பார்வையில் சந்தேகம் இருந்தது.

"நிஜமாவே கோபோலுக்கு ஆள் கேக்கறீங்களா? யாராவது கிண்டலுக்கு அனுப்பிச்சாங்களா?"

மறுநாளே அந்த சென்டரிலிருந்து பதினான்கு பேர் வந்தார்கள். சுதாகர் கேள்விகள் கேட்டார். எனக்கு கோபோல் தெரியாது. ஆனால் ஃபிட்டரை எப்படிச் சோதிப்பது என்று தெரியும். ஒரு புரோகிராமின் பிரின்ட் அவுட்டில் சுதாகரை ஒரு தப்பு வைக்கச் சொல்லி, அதைக் கையில் கொடுத்துவிட்டு அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பு கிடைக்காதபோது எழுதினவனைத் திட்டுகிறவர்களை ஒதுக்கினேன். முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கியவர்களைக் குறித்துக்கொண்டேன். என்னுடைய எட்டு பேரும் சுதாகருடைய எட்டு பேரும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தார்கள். செவ்வாய்க்கிழமை ஆஃபர் லெட்டர் போய்ச் சேர்ந்தது. சுதாகர் மகிழ்ச்சியில் டீ வாங்கித்தந்தார்.

வியாழக்கிழமைக்குள் எட்டு பேரிடமிருந்தும் பதில் வந்துவிட்டது. எல்லாரும் மிகுந்த சந்தோஷத்தோடு வேலையை ஏற்றுக்கொண்டார்கள். எல்லாரும் ஆவணி மாதம் சேருவதாகச் சொன்னார்கள்.

முதலில் பேசியவள் மங்கையர்க்கரசி. எட்டு பேரில் கெட்டிக்காரி. ஆவடி குவார்ட்டர்ஸில் வீடு. தெருமுனை எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசினாள்.

"சார், அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஆடி பொறக்குது சார். ஆடியில எப்படி சார் புது வேலையில சேர்றது? அப்பா விடமாட்டார்."

"ஜூலை மாசக் கடைசியில கிளையன்ட் வர்றாரும்மா."

"அவரை ஆவணியில வரச் சொல்ல முடியாதா சார்?"

இதைச் சுதாகரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

"ஆடியெல்லாம் கல்யாணத்துக்குத்தானே சார்? இது வேலை. சம்பளம் வாங்கற வேலை. எந்தக் காலத்துல இருக்காங்க இவங்க?"

"ரெண்டு பேர் சொல்லியிருந்தா வேற ஆள் பார்க்கலாம் சார். எட்டு பேரும் சொல்றாங்க. எட்டு பேரோட அப்பாக்களும் ஒரே ஃபாக்டரி. ஒரே சைரனுக்கு உள்ள போறாங்க, ஒரே சைரனுக்கு வெளிய வர்றாங்க. பேசி முடிவு பண்ணியிருப்பாங்க."

"அப்ப என்ன பண்றது?"

"பேசித் தீர்க்கணும் சார். பேச்சுவார்த்தைன்னா எனக்குக் கொஞ்சம் பழக்கம்."

3. சனிக்கிழமை பேச்சுவார்த்தை

சனிக்கிழமை மத்தியானம் ஐந்து தகப்பனார்கள் வந்தார்கள். மற்ற மூவர் திருமுல்லைவாயிலிலும் முத்தாபுதுப்பேட்டையிலும் வேறு விசேஷம் இருந்ததால் இவர்களுக்கு அதிகாரம் கொடுத்திருந்தார்கள். தலைவர் தனகோபால், மங்கையர்க்கரசியின் தந்தை. ராணுவ வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில் மேற்பார்வை பார்க்கும் சார்ஜ்மேன். சட்டைப் பையில் நான்காக மடித்த ஒரு தாள். மடிப்பைப் பார்த்தாலே தெரியும், அது கோரிக்கை மனு. பம்ப் தொழிற்சாலையில் சம்பள ஒப்பந்தத்துக்கு வருகிறவர்கள் இப்படித்தான் மடித்து வருவார்கள். ஒரே வித்தியாசம், இங்கே வேலைக்கு இன்னும் யாரும் சேரவே இல்லை.

உட்கார ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது, சுதாகருடைய சுழல் நாற்காலி. தச்சரிடம் சொன்ன நாற்காலிகள் வரவில்லை. ஆகவே எல்லாரும் நின்றுகொண்டே பேசினோம்.

"முதல்ல ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க" என்றார் தனகோபால். "இங்க என்ன தயாராவுது?"

"சாஃப்ட்வேர்" என்றார் சுதாகர்.

"சரி. அது ஃபாக்டரி கேட்டை விட்டு வெளிய எப்படிப் போவுது?"

"டெலிபோன் ஒயர்லயே அமெரிக்கா போயிடும்."

தனகோபால் மற்ற நால்வரையும் திரும்பிப் பார்த்தார். "அப்ப கேட்ல செக்கிங் கிடையாது. யாரு எதை எடுத்துகிட்டுப் போனாலும் தெரியாது" என்று தன் ஆட்களுக்கு விளக்கினார். அவர்கள் தலையசைத்தார்கள். கம்பெனியின் மேல் ஒரு குறை பதிவாகிவிட்டது.

தாளைப் பிரித்தார். பெண்பிள்ளைகளுக்குத் தனி டாய்லெட். சாயங்காலம் ஏழுக்கு மேல் ஆனால் வண்டி வைத்து வீட்டில் விட வேண்டும். பி.எஃப். உண்டா. தீ பிடித்தால் இறங்க இரண்டாவது படிக்கட்டு எங்கே. ஒவ்வொன்றுக்கும் சுதாகர் முகம் சிவந்துகொண்டே போனது. எனக்கோ சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. இதற்கெல்லாம் பதில் சொல்லித்தான் நான் தலைமுடியை இழந்தேன். டாய்லெட்டுக்கு ஒப்புக்கொண்டேன், வண்டிக்கு ஒப்புக்கொண்டேன், பி.எஃப். விண்ணப்பம் போயிருக்கிறது என்றேன், படிக்கட்டுக்குக் கட்டட உரிமையாளரிடம் பேசுவதாகச் சொன்னேன்.

"கடைசியா ஒண்ணு. பசங்க ஆவணி வளர்பிறையில சேருவாங்க."

இந்த இடத்தில் சுதாகரால் பொறுக்க முடியவில்லை. என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அங்கிள், இது ரெண்டாயிரம் வருஷத்துப் பிரச்சினை. உலகமே பயந்துகிட்டிருக்கு. டெட்லைன் இருக்கு. நாம ஆடி, ஆவணின்னு பேசிகிட்டு இருந்தா நல்லாவா இருக்கு?"

"என்ன பிரச்சினை அது? பொண்ணும் சொல்லுது, எனக்குச் சரியாப் புரியல. நீங்க சொல்லுங்க."

சுதாகர் சொன்னார். இரண்டு இலக்கம், 00, 1900, எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். தனகோபால் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்:

"ஆக, தேதியைச் சரியாப் பார்க்காம எழுதி வெச்சுட்டாங்க. அதனாலதான் இத்தனை ஆர்ப்பாட்டம். அப்படித்தானே?"

"ஆமா."

"அவங்க தேதி பார்க்காததாலதான் உங்களுக்கு இந்த வேலையே வந்திருக்கு. எங்களைத் தேதி பார்க்காதீங்கன்னு சொல்றீங்க."

ஐந்து பேரும் மரியாதைக்காகச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். நானும் அடக்கிக்கொண்டேன், சம்பளத்துக்காக. சுதாகர் ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

இப்போது என் முறை. பம்ப் தொழிற்சாலையில் ஒரு முறை ஊதிய ஒப்பந்தம் மார்கழியில் முடிவானது. மார்கழியில் கையெழுத்துப் போட யூனியனுக்கு மனமில்லை. தை வரை காத்திருக்க நிர்வாகத்துக்கு மனமில்லை. கையெழுத்து தையில், அமல் மார்கழியிலிருந்தே என்று பிரித்துத் தீர்த்தோம். அதைத் திருப்பிப் போட்டேன்.

"அண்ணே, வெள்ளிக்கிழமைதானே ஆடி பொறக்குது? இன்னும் ஆனி இருக்கு. திங்கக்கிழமை நல்ல நேரத்துல பசங்க வந்து சேரட்டும். ஆனியில சேர்ந்த வேலைக்கு ஆடியில வர்றதுல என்ன தடை? நீங்ககூட ஆடி மாசம் டியூட்டிக்குப் போறீங்க இல்ல?"

தனகோபால் தாளை மடித்தார். ஐவரும் படிக்கட்டில் இறங்கி நின்று பேசினார்கள். பீடிப் புகை மேலே வந்தது. திரும்பி வந்தபோது முடிவு கையில் இருந்தது.

"திங்கக்கிழமை தேய்பிறைதான். பஞ்சமி தாண்டல, பரவாயில்ல. ராகு காலம் ஒன்பதுக்கு முடியும், எமகண்டம் பத்தரைக்கு ஆரம்பிக்கும். அதுக்குள்ள பசங்க உக்காந்து வேலையை ஆரம்பிச்சுடணும். ஆரம்பிக்கலைன்னா சேர்ந்த மாதிரி ஆவாது."

"மெஷினே அதுக்கு அடுத்த வாரம்தான் வருது" என்றார் சுதாகர், ஜன்னலைப் பார்த்தபடியே.

"அது உங்க பொறுப்பு சார். எங்களுக்கு நேரம்தான் முக்கியம்."

4. ஒரு நாற்காலியில் எட்டு பேர்

திங்கட்கிழமை காலை எட்டு பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தேன். முப்பதுக்கு மேல் வந்தார்கள். தாய்மார்கள் பட்டுப்புடவையில். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பூ. படிக்கட்டு தாங்குமா என்று கவலையாகிவிட்டது.

கீழ்த்தளத்தில் லேத் பட்டறை வைத்திருந்த பாளையம்தான் கட்டடத்துக்கு உரிமையாளர். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, மேலே ஏறும் கூட்டத்தை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"இன்னா சார், மேல கல்யாணமா? ஒரு வார்த்த சொல்லவே இல்ல."

"வேலைக்குச் சேர வந்திருக்காங்க பாளையம்."

"வேலைக்கா? எங்கிட்ட வேலைக்கு வர்றவன் ஒரு லுங்கி எட்துகினு தனியா வர்றான். உங்களாண்ட குடும்பத்தோட வர்றாங்க. இன்னாதான் சார் குடுக்கிறீங்க?"

"இன்னும் ஒண்ணும் குடுக்கல."

"அதான பாத்தேன்."

கம்பெனியிலிருந்த ஒரே கம்ப்யூட்டரை ஹாலின் நடுவில் கிழக்கு பார்த்து வைத்து, சுழல் நாற்காலியை எதிரில் போட்டிருந்தேன். ஒவ்வொருவராக உட்கார்ந்து தன் பெயரை அடித்துவிட்டு எழுந்துகொள்வது என்பது திட்டம். ஒன்பது அடித்தது. சுதாகர் ஸ்விட்சைப் போட்டார். கரண்ட் போனது. ஸ்விட்சைப் போட்டதற்கும் கரண்ட் போனதற்கும் சம்பந்தம் இல்லை; தொழிற்பேட்டையில் அன்று பராமரிப்பு. ஆனால் முப்பது பேரும் சுதாகரைத்தான் பார்த்தார்கள்.

"எப்ப வரும்?" என்று ஒரு தாயார் கேட்டார்.

ஜன்னல் வழியாகக் கீழே குனிந்து பாளையத்தைக் கேட்டேன். "மத்தியானத்துக்கு மேலதான் சார். பேப்பர்லயே போட்டுகீறான், நீ படிக்கல?" என்றார். நான் தினமும் மூன்று பத்திரிகை படிக்கிறவன். அதுதான் உறைத்தது.

நேரம் போய்க்கொண்டிருந்தது. சுதாகர் என் காதில், "இப்ப இவங்க கிளம்பிட்டாங்கன்னா அவ்வளவுதான் சார்" என்றார்.

மங்கையர்க்கரசிதான் சொன்னாள். "சார், கோபோலை முதல்ல தாள்லதான் எழுதுவோம். கோடிங் ஷீட் இருந்தா போதும். கரண்ட் எதுக்கு?"

கோடிங் ஷீட் என்பது கட்டம் போட்ட தாள். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. அந்தக் காலத்தில் புரோகிராமை அதில் எழுதி, சரிபார்த்து, பிறகுதான் மெஷினில் ஏற்றுவார்கள். சென்டரில் மெஷின் ஒன்று, பிள்ளைகள் நாற்பது என்பதால் இவர்களுக்கு அது நன்றாகக் கைவந்திருந்தது. அவள் பையிலேயே ஒரு கட்டு வைத்திருந்தாள்.

தாளை எடுத்ததும் இன்னொரு தாயார், "பிள்ளையார் சுழி போட்டுட்டு ஆரம்பி" என்றார். பையன்களில் ஒருவன் தயங்கினான். "சுழி போட்டா புரோகிராம் எரர் ஆயிடும்மா." உடனே ஒரு சின்ன விவாதம். கடவுளை எரர் என்று சொன்னதாகத் தாய்மார்கள் பக்கம் முணுமுணுப்பு. மங்கையர்க்கரசி தீர்த்துவைத்தாள். கோபோலில் ஏழாவது கட்டத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டுவிட்டால் அந்த வரியைக் கம்ப்யூட்டர் படிக்காமல் தாண்டிப் போகும். மனிதர்கள் தங்களுக்காக எழுதிக்கொள்ளும் வரி அது. நட்சத்திரம் போட்டு, பக்கத்தில் பிள்ளையார் சுழி. அடுத்த வரியில் புரோகிராம். பிள்ளையாருக்கும் மெஷினுக்கும் சண்டை வராத ஏற்பாடு. எனக்குத் தெரிந்து அத்தனை சுலபமாக முடிந்த வேறு பேச்சுவார்த்தை இல்லை.

ஒரே நாற்காலி. ஒருவர் உட்கார்ந்து நான்கு வரி எழுதி எழுந்ததும் அடுத்தவர். எட்டாவது ஆள் எழுதும்போது தனகோபால் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பத்தரைக்குச் சற்று முன்பு அவர் தலையசைத்தார். கூட்டம் மூச்சு விட்டது. சுதாகருக்கும் எனக்கும் சந்தனம் பூசினார்கள். பாளையத்துக்கு இரண்டு வாழைப்பழம் போனது.

5. வால்டர் கேட்ட தேதி

ஆடி பிறந்தது. மெஷின்கள் வந்தன. நாற்காலிகள் வந்தன. சொன்ன சொல் தவறாமல் எட்டு பேரும் தினமும் வந்தார்கள். மாதக் கடைசி வெள்ளிக்கிழமையும் வந்தது.

ஆடி வெள்ளி என்பதால் எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். விழாக்கமிட்டித் தலைவர் பாளையம். எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிர்க் கம்பத்தில் ஒரு ஹார்ன் ஸ்பீக்கர். காலை ஏழிலிருந்து முழங்கிக்கொண்டிருந்தது.

"பாளையம், வெளிநாட்டுக்காரர் வர்றார். ஒரு மணி நேரம் நிறுத்துங்களேன்."

"அம்மனாண்ட நிறுத்துன்னு நான் சொல்ல முடியாது சார். வோணும்னா திருப்பி வைக்கிறேன்." ஏணி போட்டு ஏறி, ஹார்னை அடுத்த தெருப் பக்கம் திருப்பிவிட்டார். அடுத்த தெருவில் எங்கள் கிளையன்ட் யாரும் இல்லை.

வால்டர் பத்து மணிக்கு வந்தார். உயரமானவர், அதிகம் பேசாதவர். எட்டு நாற்காலியிலும் எட்டு பேரைப் பார்த்ததும் சந்தோஷப்படுவார் என்று நினைத்தோம். அவர் சந்தேகப்பட்டார். காரணம் இருந்தது. அந்த வாரம் வேறு ஊரில் ஒரு கம்பெனிக்குப் போயிருந்தார். அங்கே உட்கார்ந்திருந்த இரண்டு முகங்களை மறுநாள் இன்னொரு கம்பெனியிலும் பார்த்திருக்கிறார். வருகிறவர் கண்ணுக்குக் காட்ட ஒரு நாளுக்கு ஆள் பிடித்து உட்காரவைப்பது அப்போது சில இடங்களில் நடந்தது.

அவர் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்விதான் கேட்டார். எப்போது சேர்ந்தாய்? எட்டு பேரும் ஒரே தேதியைச் சொன்னார்கள்.

வால்டர் தன் கோப்பைத் திறந்தார். சுதாகர் அனுப்பிய ஃபேக்ஸ் அதில் இருந்தது. மெஷின்கள் ஜூலை மூன்றாம் வாரத்தில்தான் வரும் என்று எழுதியிருந்தது. மெஷின் இல்லாத ஆஃபீஸில், மெஷின் வருவதற்கு ஒரு வாரம் முன்னால், எட்டு பேரும் ஒரே நாளில் எதற்காகச் சேர்ந்தார்கள் என்று கேட்டார்.

"இண்டக்ஷன் ட்ரெயினிங்" என்றார் சுதாகர்.

"ஆடி பிறப்பதற்கு முன்னால் சேர வேண்டியிருந்தது" என்றாள் மங்கையர்க்கரசி. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் ஆங்கிலத்தில் சொன்னார்கள்.

வால்டர் அவளை விளக்கச் சொன்னார். அவள் விளக்கினாள். ஆடி என்றொரு மாதம், அதில் நாங்கள் புதிதாக எதையும் தொடங்குவதில்லை, எங்கள் அப்பாக்கள் வந்து பேசினார்கள், ஆகவே கரண்ட் இல்லாமல் தாளில் எழுதிச் சேர்ந்தோம். வால்டர் சுதாகர் பக்கம் திரும்பினார். இது உண்மையா?

சுதாகர் அமெரிக்காவில் இருந்தவர், அமெரிக்கர் முன்னால் இதை ஒப்புக்கொள்ளக் கூச்சம். "அப்படி ஒன்றும் இல்லை. சின்னப் பெண், விளையாட்டாகச் சொல்கிறாள்" என்றார்.

மங்கையர்க்கரசியின் முகம் சுருங்கியது. வால்டர் கோப்பை மூடினார். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால், ஆள் எடுக்கிறவர்கள் என்ன முடிவுக்கு வருவார்கள் என்று எனக்குத் தெரியும். அவர் ஒரு தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். இந்த எட்டு பேரும் என் நிரந்தர ஊழியர்கள், வேலை முடியும்வரை மாற்ற மாட்டேன், மாற்றினால் நஷ்டஈடு தருவேன் என்ற உறுதிமொழி. இப்போதே கையெழுத்துப் போடுங்கள், பிறகு மற்றதைப் பேசலாம் என்றார். சுதாகர் பேனாவைத் திறந்தார்.

டெலிபோன் அடித்தது. எங்களுக்கு ஒரே லைன், அது என் பலகைமேல். எடுத்தேன்.

"சுதாகர் இருக்கானா? நான் அவன் அம்மா பேசறேன்."

"மீட்டிங்ல இருக்கார்மா. அமெரிக்காலேர்ந்து வந்திருக்காங்க."

"அதுக்குத்தான் பேசறேன். இன்னிக்கு ஏதோ கையெழுத்துன்னு சொல்லிட்டுப் போனான். காலண்டரைப் பார்த்தானா அவன்? ஆடி. அஷ்டமி. இப்ப மணி பத்தே முக்கால், ராகு காலம். மூணையும் ஒண்ணாப் புடிச்சிருக்கான். போனை அவன்கிட்ட குடுங்க."

கொடுத்தேன். அந்த ஹால் மிகச் சிறியது. சுதாகர் பேசியதை எட்டு பேரும் கேட்டார்கள், வால்டரும் கேட்டார்.

"சொல்லும்மா... இல்லம்மா, அவர் எதிர்லயே உக்காந்திருக்காரு... தெரியும்மா... அதெல்லாம் இந்தக் காலத்துல... அழாதம்மா... சரி... சரி, போடல. சத்தியமா போடல."

போனை வைத்தார். பேனாவைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். பிறகு பேனாவை மூடிவிட்டு, ஆங்கிலத்தில், யாருக்கும் கேட்கக்கூடாது என்பது போன்ற குரலில் சொன்னார்: "இந்தக் கையெழுத்தை ஆகஸ்ட் பதினேழுக்கு அப்புறம் போடலாமா?"

அடுத்த தெருவிலிருந்து ஹார்ன் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. எங்கள் கம்பெனி முடிந்தது என்று நினைத்தேன். கடையைச் சாத்தும்போது முதலில் எந்த அலுவலகத்துக்குக் கடிதம் போட வேண்டும் என்றுகூட மனதுக்குள் யோசிக்கத் தொடங்கிவிட்டேன். அந்த வரிசை எனக்கு மனப்பாடம்.

வால்டர் சுதாகரைப் பார்க்கவில்லை. மங்கையர்க்கரசியைப் பார்த்தார்.

"ஆகஸ்ட் பதினேழில்தான் அந்த மாதம் முடிகிறதா?"

"அன்றைக்கு ஆவணி பிறக்கிறது சார். ஆனால் தேய்பிறை. விநாயகர் சதுர்த்தி முடிந்த மறுநாள் நல்ல நாள்" என்றாள் அவள். முதலாளி கைவிட்டாலும் அவள் சொன்னதை மாற்றவில்லை.

வந்ததிலிருந்து சிரிக்காத மனிதர் அப்போது சிரித்தார். பிறகு அவர் சொன்னதை இன்றும் என் வேலைக்குப் பயன்படும் வாக்கியமாக வைத்திருக்கிறேன். ஆட்களை வாடகைக்குப் பிடித்து உட்காரவைத்தவன் அந்தத் தாளில் உடனே கையெழுத்துப் போட்டிருப்பான் என்றார். வேண்டிய ஆர்டரைக் கண்முன்னால் வைத்துக்கொண்டு ஒருவன் பேனாவை மூடுகிறான் என்றால் இந்த ஊரில் அப்படி ஒரு மாதம் நிஜமாகவே இருக்க வேண்டும் என்றார். தாளை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, சதுர்த்திக்கு மறுநாள் என்ன தேதி என்று அவளிடமே கேட்டு எழுதிக்கொண்டார். வேலை மாத்திரம் திங்கட்கிழமையே தொடங்கட்டும். இவர்கள்தான் ஆடிக்கு முன்னாலேயே சேர்ந்துவிட்டார்களே என்றார்.

அன்று சாயங்காலம் மகளை அழைத்துப்போக மொபெட்டில் வந்த தனகோபாலுக்கு அதற்குள் எல்லாம் தெரிந்திருந்தது. எப்படி என்று நான் கேட்கவில்லை. சுதாகர் படிக்கட்டில் நின்றிருந்தார். ஒதுங்கிப் போக வழி இல்லை. இரண்டாவது படிக்கட்டு இன்னும் கட்டவில்லை.

"சார்" என்றார் தனகோபால், மிகுந்த மரியாதையோடு. "உங்க வீட்லயும் பார்ப்பாங்கன்னு அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா, நாங்க உங்க அம்மாகிட்டயே பேசி முடிச்சிருப்போம்ல? இந்த ஹெச்.ஆர். சாரை எதுக்கு நடுவுல அலையவிட்டீங்க?"

சுதாகர் கீழே இறங்கி, மங்கையர்க்கரசியிடம் போனார். "நீ சொன்னது கரெக்ட்தான்மா. நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்" என்றார். அவள் "பரவாயில்ல சார்" என்று சொல்லிவிட்டு மொபெட்டில் ஏறிக்கொண்டாள்.

சதுர்த்திக்கு மறுநாள் ஒப்பந்தம் கையெழுத்தானது. எட்டு பேரும் இரண்டாயிரம் பிறக்கும்வரை அந்த வேலையில் இருந்தார்கள். நான் அதற்குப் பிறகு இன்னும் நான்கு கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுத்து ஓய்வு பெற்றேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்கு என் அனுபவத்தில் சொல்ல ஒன்றுதான் உண்டு. ஆள் கிடைப்பது கஷ்டமில்லை. ஆள் வந்து சேரும் தேதிதான் கஷ்டம். ஆஃபர் லெட்டரில் தேதியை நீங்களே அடித்து அனுப்பாதீர்கள். இடத்தைக் காலியாக விட்டு, வீட்டில் கேட்டு எழுதச் சொல்லுங்கள். அதற்கும் முன்னால், கிளையன்ட் வரும் தேதியை உங்கள் முதலாளி சொல்லும்போது, அவருடைய வீட்டிலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.